சிங்க் நனையக் கூடாது

போன வாரம் பெரியவள் கூடத்தில் உட்கார்ந்து தம்பிக்குத் தன் காலேஜ் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நோட்டின் மேல் ‘ஒயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்: அடிப்படைகளும் பயன்பாடுகளும்’ என்று எழுதியிருந்தது. எட்டிப் பார்த்தேன். “உனக்கு இது புரியாதுப்பா” என்றாள். சின்னவன் அதற்குச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டு மோட்டார் போடப் போய்விட்டேன்.

புரியும், பிள்ளைகளே. உங்களுக்குப் புரிவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே எனக்குப் புரிந்தது. புரிய வைத்தவர் என்று யாரும் இல்லை. புரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள்தான் இருந்தார்கள். அதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் நான்.

அப்போது பெரியவள் ஒன்றாம் வகுப்பு, சின்னவன் அங்கன்வாடி. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சிங்க் யூனிட்டில் நான் வேலை பார்த்தேன். கை கழுவுகிற சிங்க்தான். களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, என் ஷெட்டில் கொண்டுவந்து ராக்குகளில் அடுக்குவார்கள். அங்கே நாள்கணக்கில் காய வேண்டும். காய்ந்த பிறகுதான் பளபளப்புக்குக் கிளேஸ் பூசிச் சூளைக்குப் போகும். அரைகுறையாகக் காய்ந்த ஒரு சிங்க் சூளைக்குள் போனால், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி அதை வெடிக்க வைக்கும். தான் மட்டும் வெடித்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிற பத்தையும் சேர்த்து உடைத்துவிடும். எது காய்ந்தது, எது காயவில்லை என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சுவரோரம் இருக்கிற கடைசி ராக்தான் எப்போதும் மோசம். அங்கே காற்றே போகாது.

எங்கள் முதலாளி வெளியூரில் ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஒருவர் தன் ஆலையில் எல்லாமே கம்ப்யூட்டர்தான் என்று அளந்துவிட்டிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லெக்சரரைப் பிடித்துக்கொண்டு வந்தார். லெக்சரருக்கு ஆராய்ச்சி செய்ததாகச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். முதலாளிக்கு வருகிறவர் போகிறவரிடம் காட்ட ஒரு திரை வேண்டும். சிங்க் காய்கிறதா என்ற கவலை இரண்டு பேருக்குமே கிடையாது.

ஒருநாள் காலையில் எங்களையெல்லாம் நிற்க வைத்து முதலாளி சொன்னார்: “இனிமே ஷெட்டுல காஞ்சிதா காயலயான்னு கம்ப்யூட்டர்தான் சொல்லும். நாலு சனிக்கெழம கிளாஸு. நாலாவது சனிக்கெழம பரீட்ச. சர்டிபிகேட் வாங்கறவன்தான் ஷெட்டுக்கு சூப்பர்வைசரு. வாங்காதவன் லாரிக்கு லோடு ஏத்தட்டும்.”

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த வருஷம்தான் எனக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகி, ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலாளிக்கும் அது தெரியும். ஷெட்டை விட்டால் எனக்கு வேலை இல்லை. அந்தச் சர்டிபிகேட்டை வாங்கியே தீர வேண்டும் என்று முப்பத்தைந்து வயதில் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

முதல் சனிக்கிழமை பேக்கிங் ஹாலில் வைக்கோல் கட்டுகளின் மேல் உட்கார்ந்தோம். விருத்தாசலத்து வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு லெக்சரர் வந்தார். சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றை மாட்டிப் படம் காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். “ஸ்பேஷியலி டிஸ்ட்ரிபியூட்டட் அட்டானமஸ் டிவைசஸ்” என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் படித்தார். பிறகு பயன்பாடுகள். போர்க்களத்தில் எதிரி வருவதைக் கண்டுபிடிக்கலாம். காட்டில் தீ பிடித்தால் தெரிந்துகொள்ளலாம். எரிமலையின் வாயில் வைக்கலாம்.

சுடாத பச்சைச் சிங்க்கை ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிற அக்கா ஒருத்தி எங்களோடு இருந்தாள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வருகிறவள். அவள் எழுந்து, “சார், எங்க ஊருப் பக்கம் நெலக்கரிச் சொரங்கந்தான் இருக்குது. எரிமல இல்லீங்களே” என்றாள்.

“டவுட்லாம் கடைசில கேளுங்கம்மா” என்றார் லெக்சரர். கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

எங்களில் ஒரே ஒருவருக்கு மட்டும் அந்த வகுப்பு ரொம்பப் பிடித்துப்போனது. அவர் முதலாளியின் மச்சான். ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர். அந்த ‘ஸ்பேஷியலி டிஸ்ட்ரிபியூட்டட்’ வாக்கியத்தை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். “அர்த்தம்லாம் பரீட்சைல கேக்க மாட்டாங்கய்யா” என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நிஜம்.

இரண்டாவது வகுப்புக்கு முன்னால் லெக்சரர் பெட்டிகளைப் பஸ்ஸில் அனுப்பி வைத்தார். சோப்பு டப்பா அளவில் ஆறு பெட்டிகள், ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டவை. கூடவே பி.எஸ். என்று எழுதிய ஒரு பெரிய பெட்டி, ஒயரோடு. தானே வந்து மாட்டித் தர அவருக்கு நேரமில்லை. இங்கிலீஷில் ஒரு தாள் எழுதி வைத்திருந்தார். மச்சான் அதை உரக்கப் படித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “சிங்க்க ஷெட்டுக்கு நடுவுல வெக்கணும். நோடுங்கள, அதான் இந்த ஆறு பொட்டிங்கள, அதச் சுத்தி வெக்கணும். சிங்க் எப்பவும் ஆன்ல இருக்கணும். சிங்க் நனையக் கூடாது.”

உலகத்தில் வேறு எந்த ஊராக இருந்தாலும் யாராவது ஒருவர், “சிங்க்னா என்னா?” என்று கேட்டிருப்பார். எங்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நாங்கள் செய்வதே சிங்க்தான். கிடங்கிலிருந்து முதல் தரத்துச் சிங்க் ஒன்றை எடுத்துவந்து, ஷெட்டுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு வைத்தோம். சுற்றிலும் ராக்குகளில் ஆறு பெட்டிகளையும் கட்டினோம். ஒரே ஒரு இடத்தில்தான் இடறியது.

“ஆன்ல இருக்கணும்னா, கொழாயத் தொறந்து வெக்கச் சொல்றாரா?” என்று கேட்டாள் அக்கா.

“நனையக் கூடாதுன்னும் சொல்லியிருக்குதே” என்றேன்.

“கொழாயத் தொறக்கணும், சிங்க் நனையக் கூடாது. நல்லா இருக்குதுய்யா ஒங்க படிப்பு.”

மச்சான் தீர்ப்புச் சொன்னார்: “கொழாய் மாட்ட வேணாம். காலேஜ்காரங்க சும்மா ஒரு ஜாக்கிரதைக்கு எழுதுவாங்க.” பி.எஸ். பெட்டியைப் பற்றி நான் கேட்டதற்கு, “பிக் சைஸ்னு அர்த்தம். ஸ்பேர் பீஸு” என்று சொல்லிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சனிக்கிழமை வந்த லெக்சரர், ஸ்டூல் மேல் பளபளவென்று உட்கார்ந்திருந்த சிங்க்கைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து நாலு பக்கமும் நின்று படம் பிடித்தார். காலேஜில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்திருப்பார். “பேசிக்கே இல்லாதவங்களுக்கு நான் கிளாஸ் எடுக்க வேண்டியிருக்கு” என்று முதலாளியிடம் சொன்னார். பீரோவைத் திறக்கச் சொல்லி, அந்தப் பெரிய பெட்டியை எடுத்து, ஷெட்டில் முதலாளி வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டரில் மாட்டினார். அதுதான் சிங்க்காம். அவருடைய படத்தில் சிங்க் என்றும், பெட்டியில் பி.எஸ்., அதாவது பேஸ் ஸ்டேஷன், என்றும் ஒரே பொருளுக்கு இரண்டு பேர் வைத்தது அவர்கள். பேசிக் இல்லாதவர்கள் நாங்கள்.

“சார், அதுக்கு ஏன் சார் சிங்க்னு பேரு?” என்று கேட்டேன்.

“அது டெர்ம். அப்படியே மனப்பாடம் பண்ணுங்க.”

அன்றைக்கு வேலை முடிந்து நிஜச் சிங்க்கில் கை கழுவினேன். எந்தப் பக்கம் தண்ணீர் விழுந்தாலும் சரிந்து சரிந்து நடு ஓட்டைக்கே போய்ச் சேர்ந்தது. சட்டென்று பிடிபட்டது. ஆறு பெட்டியும் சொல்கிற சேதி கடைசியில் வந்து விழுகிற ஓட்டைதான் அந்தப் பெரிய பெட்டி. இதைவிட லேசான பாடம் உண்டா? சிங்க் செய்கிற ஐம்பது பேரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் புரியாத மாதிரி சிங்க்கைப் பற்றிப் பாடம் எடுக்க ஒருவரால் முடிந்தது என்றால், அதுவும் ஒரு திறமைதான்.

அதன் பிறகு நானே நோட்டில் எழுதிக்கொண்டேன். லெக்சரர் சொன்னதிலிருந்து இங்கிலீஷை உதறிவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நாலு உறுப்பு: காற்றின் ஈரத்தை உணர்வது ஒன்று, அதை எண்ணாக்குவது ஒன்று, ரேடியோவில் பேசுவது ஒன்று, இவை மூன்றுக்கும் சோறு போடுகிற பேட்டரி ஒன்று. பேசும்போதுதான் பேட்டரி அதிகம் கரையும். அதனால் பெட்டி பெரும்பாலும் தூங்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விழித்து, அளந்து, சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கும். தூரத்துக்குக் கத்தாது, பக்கத்துப் பெட்டியிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும். எங்கள் வார்ப்பு ஹாலிலும் அப்படித்தான். பச்சைச் சரக்கு அதிரும் என்று நடுவில் யாரும் நடக்கக் கூடாது. ‘கரைசலை நிறுத்து’ என்று கடைசி ஆள் சொன்னால், வரிசையாக ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லித்தான் முன்னால் வரும். கடைசி ராக்கில் இருந்த ஆறாம் பெட்டியின் சேதி நாலாம் பெட்டி வழியாக வந்தது. அவ்வளவுதான் அந்த மகா வித்தை.

மூன்றாவது சனிக்கிழமை லெக்சரர் ரயில் வேகத்தில் அறுபது படங்களை ஓட்டினார். என்ன ஓட்டினார் என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

நாலாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டில் கடைசி ராக் வரை புதுச் சரக்கு தலைவரை அடுக்கியிருந்தது. நான் திரையில் தெரிந்த எண்களைத் தினமும் குறித்துக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமை நாலாம் பெட்டி ஐம்பத்தெட்டு, ஆறாம் பெட்டி நாற்பத்தொன்று. வெள்ளிக்கிழமை நாலாம் பெட்டி அறுபத்தாறு, ஆறாம் பெட்டி நாற்பத்தொன்று. சனிக்கிழமை நாலாம் பெட்டி எழுபத்தொன்று. ஆறாம் பெட்டி அதே நாற்பத்தொன்று. எண் ஏறினால் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். ஊரே நனைந்து கிடக்கும்போது, காற்றே போகாத கடைசி ராக் மட்டும் அசையாமல் காய்ந்து கிடக்கிறதாம்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குப் பரீட்சை. அரை மணி நேரம். இரண்டே முக்காலுக்கு முதலாளி ஷெட்டுக்குள் வந்து, “கடேசி ராக்க எறக்கிச் சூளைக்கு ஏத்துங்கய்யா. கம்ப்யூட்டர்ல காஞ்சிடுச்சி” என்றார்.

“காயலீங்க” என்றேன்.

“நாப்பத்தொண்ணு காட்டுது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

“பொய் சொல்லலீங்க. அது ஒண்ணுமே சொல்லல. வியாழக்கெழம சொன்னதயே நாமதான் திரும்பத் திரும்பப் படிச்சிக்கினு இருக்கறோம்.”

“ஸ்டெடியா இருக்குது, அத்தயும் கொறையா சொல்றான் பாரு” என்று சிரித்துவிட்டு மச்சான் பரீட்சை எழுதப் போய்விட்டார். முதலாளி மட்டும் நின்றார். போன மழையில் சூளைக்குள் வெடித்த சத்தம் அவர் காதில் இருந்திருக்கும். “நிரூபி பாக்கலாம். சீக்கிரம்” என்றார்.

அக்காவைக் கூப்பிட்டேன். நனைந்த ஸ்பாஞ்சை ஆறாம் பெட்டியைச் சுற்றிக் கட்டச் சொல்லிவிட்டுத் திரை முன்னால் நின்றேன். பெட்டிக்கு உயிர் இருந்து அதன் சேதி வந்து சேர்ந்தால், எண் எகிற வேண்டும். ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் அது விழிக்கும். பேக்கிங் ஹாலில் கேள்வித்தாள் கொடுத்துவிட்டார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. நாற்பத்தொன்று. ஒரு தடவை தவறியிருக்கலாம் என்று இன்னொரு பத்து நிமிஷம் நின்றேன். நாற்பத்தொன்று.

“ஏன்யா, இது தூங்குதா, செத்துப்போச்சா?” என்று உள்ளேயிருந்து கத்தினாள் அக்கா. “எனக்குக் கைதான் மரத்துப்போச்சி.”

அப்போதே ஓடியிருந்தால் பத்து நிமிஷப் பரீட்சையாவது எழுதியிருக்கலாம். என் கால்கள் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தன. ஆனால் முதலாளி, “பொட்டிதான் கெட்டுப்போச்சி. சரக்கு காஞ்சிருக்கும், ஏத்து” என்றார். உடனே பெட்டியை ஸ்பாஞ்சோடு ராக்குக்குப் பின்னாலிருந்து எடுத்து, நடைபாதையில் நாலாம் பெட்டிக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். இன்னும் பத்து நிமிஷம். திரையில் நாற்பத்தொன்று அழிந்து தொண்ணூற்றேழு வந்தது.

பெட்டி சாகவில்லை. மூன்று நாளாகக் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த ராக்கிலேயே தலைவரை அடுக்கியிருந்த ஈரச் சரக்கு அந்தக் குரலை முழுங்கிவிட்டது. வியாழக்கிழமை புதுச் சரக்கு அடுக்கின பிறகுதான் அது ஊமையானது என்பது என் நோட்டிலேயே இருந்தது. அது பேசாமல் இருந்ததே, சரக்கு காயவில்லை என்பதற்குச் சாட்சி. முதலாளி, ராக்கை இறக்க வேண்டாம் என்று கையால் சைகை காட்டிவிட்டுப் போனார்.

நோட்டோடு பேக்கிங் ஹாலுக்கு ஓடினேன். லெக்சரர் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன்.

“அது நாப்பத்திரெண்டாவது ஸ்லைடுலயே இருக்குதே” என்றார். “தண்ணி ரேடியோ அலைய உறிஞ்சும். அன்னைக்கே காட்டினேன்.”

காட்டினார்தான். ஈரக் களிமண் ஷெட்டுக்குள் பெட்டியைக் கட்டச் சொல்லி எழுதும்போது அவருக்கே அது ஞாபகம் வரவில்லை.

“பரீட்சய இப்ப எழுதிக் குடுத்துடட்டுமா சார்?”

“டைம் முடிஞ்சிடுச்சிங்க. ரூல்ஸ் இருக்கு.”

மச்சானுக்குச் சர்டிபிகேட் வந்தது. ‘ஸ்பேஷியலி டிஸ்ட்ரிபியூட்டட்’ வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதியிருந்தாராம். கண்ணாடி போட்டு ஷெட்டில் மாட்டினார்கள். என்னை லோடிங்குக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன்னால் மச்சானிடம் ஒன்று சொன்னேன்: “நாலாம் பொட்டிக்குத்தான் மொதல்ல பேட்டரி தீரும். அது தன் பேச்சும் பேசி, பின்னாடி இருக்கற பொட்டிங்களுக்கும் பேசுது. தேதி பாத்து மாத்துங்க.”

“அந்தக் கொஸ்டின் வரலியே” என்றார் சூப்பர்வைசர்.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் நான் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வேன். உங்கள் அம்மா என் முதுகில் தைலம் தேய்ப்பாள். நீங்கள் இரண்டு பேரும் யானை விளையாட்டு என்று ஏறி உட்காருவீர்கள். விளையாட்டு இல்லை அது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னார்.

நான் சொன்ன மாதிரியே நாலாம் பெட்டி முதலில் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. திரை மட்டும் நிற்கவில்லை. கடைசியாக வந்த எண்களை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. நல்ல வெயில் நாட்களில் நின்றதால் எல்லாம் நல்ல எண்கள். முதலாளி வாங்க வருகிறவர்களை அழைத்துவந்து, “பாருங்க, ஒரு பாயிண்டு கூட அசையாது, அப்படி மெயின்டெயின் பண்றோம்” என்று காட்டுவார். அவர்களும் தலையாட்டுவார்கள். செத்துப்போன ஆறு பெட்டிகளின் முன்னால் நின்று படித்தவர்கள் படம் பிடித்துக்கொண்டதை, முதுகில் சிங்க் கட்டோடு போகிறபோது நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தடுத்து இரண்டு சூளைச் சரக்கு வெடித்தது. மூன்றாவது ஏற்றுவதற்கு முன்னால் முதலாளி லாரியடிக்கு வந்தார்.

“யோவ், ஷெட்டுப் பக்கம் வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போய்யா. சும்மா தொட்டுப் பாத்துச் சொல்லு.”

“தொட்டுப் பாக்கறதுக்கு லோடிங் ஆளு எதுக்குங்க? சூப்பர்வைசர் இருக்கறாரே.”

“அவன் கெடக்கறான். உனுக்கு என்னா வேணும்?”

“ரிஜிஸ்டர்ல ஷெட்டுக்கு நேரா என் பேரு வேணும். பொட்டிக்கு ரெண்டா பேட்டரி பன்னெண்டு வேணும்.”

சர்டிபிகேட் இல்லாதவனை எப்படிப் போடுவது என்று கொஞ்ச நேரம் இழுத்தார். பக்கத்தில் தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா, “சூளைக்கு சர்டிபிகேட் படிக்கத் தெரியாதுங்களே மொதலாளி” என்றாள். அன்று சாயங்காலமே என் பேரை எழுதினார்கள். மச்சான் ஸ்டோருக்குத் திரும்பினார், கண்ணாடி போட்ட சர்டிபிகேட்டோடு.

ஆறு பெட்டிக்கும் பேட்டரி மாற்றினேன். கடைசி ராக்குப் பெட்டியை, சரக்கு மறைக்காதபடி உயரத்தில் கட்டினேன். பத்து நிமிஷத்தில் திரையில் எல்லா எண்ணும் மாறின. அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு, எண்பது. நிஜமான எண்கள் அப்படித்தான் இருந்தன. முதலாளி வந்து பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

“நாளைக்கு ஆளுங்க பாக்க வராங்கய்யா. அந்தப் பழைய நம்பரயே கொண்டாந்து வெக்க முடியுமா? அதுங்க பாக்க நல்லா இருந்துச்சி.”

“முடியாதுங்க. இப்ப பேட்டரியக் கழட்டினாலும் இந்த நம்பருதான் நிக்கும்.”

அவர் நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தார். “அப்ப ஒண்ணு பண்ணு. எல்லாம் நல்லாக் காஞ்ச அன்னிக்குக் கழட்டிடு” என்றார்.

நான் கழற்றவில்லை. மறுநாள் வந்தவர்களுக்கு எண்பதைக் காட்டி, ஏன் எண்பது என்று சொன்னேன். இந்த ராக் சூளைக்குப் போக இன்னும் நாலு நாள் ஆகும் என்றேன். அவர்களில் ஒருவர் மட்டும் நின்று கேட்டார். மற்றவர்கள் முதலாளியோடு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.